எருதுமெட்டுச் சங்கீதம்

வேல்ஸ் நாட்டு லான்வேரன் ஊரின் சந்தைத் தெருவில் அன்று காலை ஒரு மனிதர் தலையில் தொப்பி இல்லாமல், ஒரு கால் சப்பாத்தின் வார் அவிழ்ந்து மண்ணில் இழுபட, ஓட்டமும் நடையுமாகப் போனார். அவர் கோவிலின் பாட்டு வாத்தியார் இத்தெல். வயது ஐம்பத்திரண்டு. அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வெண்ணெய் விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டு, "என்ன வாத்தியாரே, வீடு பத்திக்கிச்சா?" என்று கேட்டாள்.

"புத்தகம் வந்திருச்சு! நம்ம பேச்சுல புத்தகம் வந்திருச்சு!" என்று கத்திக்கொண்டே இத்தெல் ஓடினார்.

ஷ்ரூஸ்பரியிலிருந்து வந்த பொதிக்குதிரை கோவில் வாசலில் நின்றது. உப்பு மூட்டைக்கும் துணிக்கட்டுக்கும் நடுவிலிருந்து இறக்கிய மரப்பெட்டியைக் குருவானவர் மெய்ரிக் உளியால் நெம்பித் திறந்துகொண்டிருந்தார். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் வேல்ஸ் மொழியில் அச்சான ஜெபப்புத்தகம். இத்தெல் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். மையின் வாசனை இன்னும் போகவில்லை. நடுவில் திறந்தார். சங்கீதங்கள். அம்மா தன்னைச் சாப்பிடக் கூப்பிட்ட மொழி, மாட்டை வைதுகொண்டு போகிறவன் பேசும் மொழி, கறுப்பு எழுத்தில் வரிவரியாக நின்றது.

இதன் அருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இத்தெல் பிறந்ததிலிருந்து அவருக்கு முப்பது வயதாகும்வரை கோவிலில் லத்தீன். அர்த்தம் புரியாவிட்டாலும் பாட்டு இருந்தது, ஆர்கன் இருந்தது, நாலு குரலும் ஐந்து குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடும். பிறகு ராஜா மாறினார், சட்டம் மாறியது. லத்தீன் போய் இங்கிலீஷ் வந்தது. ஆர்கனின் குழாய்களைக் கழற்றி உருக்க எடுத்துப்போனார்கள். ஊரில் பத்துப் பேருக்குக்கூட இங்கிலீஷ் தெரியாது. ஜனங்கள் வந்தார்கள், தூணுக்குத் தூண் சாய்ந்து நின்றார்கள், கலைந்தார்கள். நடுவில் ஒரு ராணி பழையபடி லத்தீனைக் கொண்டுவந்தார். அடுத்த ராணி அதையும் எடுத்தார். இப்படி இருபது வருஷம் போனதில், கோவிலுக்குள் வாயைத் திறக்கலாம் என்பதே ஊருக்கு மறந்துபோயிருந்தது.

"இத்தெல், ரொம்பச் சந்தோஷப்படாதீங்க," என்றார் மெய்ரிக் ஐயா. ஒல்லியான மனிதர், எப்போதும் கழுத்தைத் தடவிக்கொண்டே பேசுவார். "பெந்தெகொஸ்தே ஞாயிறுக்குப் பேராயர் ஒரு பரிசோதகரை அனுப்புறாரு. வெதரல்னு பேரு. இங்கிலீஷ் துரை. புதுப் புத்தகப்படி ஆராதனை நடக்குதான்னு பாப்பாரு. பாட்டு இருக்கணுமாம். ஆனா பழைய மாதிரி ஒரே எழுத்த இழுத்துக்கிட்டே போற பாட்டெல்லாம் கூடாது. ஒரு அசைக்கு ஒரு சுரம். ஒவ்வொரு சொல்லும் தெளிவா விழணும்."

"பெந்தெகொஸ்தேக்கு எத்தன நாள் இருக்கு?"

"பத்தொம்பது."

"போதும் ஐயா! மலையப் பத்தின சங்கீதம் இருக்கே, அத நீங்க பாட்டா மடக்கிக் குடுங்க. மெட்ட நான் பாத்துக்கறேன்."

மெய்ரிக் ஐயா செய்யுள் கட்டுவதில் ஆசை உள்ளவர். இரண்டே நாளில் சங்கீதத்தை நாலு அடி, நாலு அடியாக மடக்கிக் கொடுத்துவிட்டார். இத்தெலிடம் லண்டனிலிருந்து வந்த சங்கீத மெட்டுகள் எட்டு இருந்தன. அவற்றில் நல்லதாக ஒன்றை எடுத்து, சொல்லை அதில் பொருத்தி, நாலு குரலுக்கு எழுதி, புதன்கிழமை மாலை தன் ஆறு பாடகர்களையும் கூட்டினார்.

ஆறு பேரும் பெரியவர்கள். ஆளுக்கொரு தொழில் உண்டு. தலைமூத்தவர் க்ரோனோ. குதிரைச் சேணம் தைப்பவர். இத்தெலின் மனைவி குவெர்விலுக்கு அண்ணன். அவருடைய கீழ்க்குரலுக்குக் கோவில் பலகணிகளின் கண்ணாடி அதிரும் என்று ஊரில் சொல்வார்கள்.

முதல் அடியைப் பாடி முடித்ததும் ஒருவர் களுக்கென்று சிரித்தார். இரண்டாவது அடியில் மூன்று பேர். மூன்றாவது அடியில் க்ரோனோ தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்ள, இது என்ன பாட்டா, வால்ல மிதிபட்ட ஆடா?"

கோபம் வந்தாலும் இத்தெலுக்குக் காது பொய் சொல்லவில்லை. லண்டன் மெட்டுகள் எல்லாம் வரியின் கடைசி அசையில் ஓங்கி அடித்து நிற்பவை. இங்கிலீஷ் சொல்லுக்கு அது சரி. வேல்ஸ் சொல்லோ கடைசிக்கு முந்தின அசையில் அழுந்தி, கடைசி அசையில் மெல்லப் படிந்து இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சொல்லைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியதுபோல் இருந்தது.

"லத்தீன்ல எவ்வளவு அழகா எழுதின கை உன் கை!" என்றார் க்ரோனோ. அதில் கிண்டல் இல்லை, வருத்தம்தான் இருந்தது. "இத எழுதறதுக்கு அந்தக் கைய மாட்டுக்கொட்டாய் கூட்ட அனுப்பியிருக்கலாம்."

அன்று முதல் இத்தெலுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டு மெட்டுகளையும் போட்டுப் பார்த்தார். எட்டும் அதே கதை. தானே ஒன்பது புது மெட்டுகள் கட்டினார். எழுதும்போது நன்றாக இருந்தது. வாய்விட்டுச் சொல்லும்போது லண்டன் வாடை அடித்தது. மேசை, சுவர், சூப்புக் கிண்ணம், குவெர்விலின் தோள் என்று கைக்கு எட்டிய எல்லாவற்றிலும் தாளம் தட்டினார்.

"என் தோள விடுங்க," என்றாள் குவெர்வில். "வெளிய போய் எங்கயாச்சும் நடந்துட்டு வாங்க. வீட்டுக்குள்ள உட்காந்து உட்காந்து உங்க மூள ஊறுகா ஆயிருச்சு. போங்க, போங்க."

அவள் துரத்தியதால்தான் அவர் ஆற்றங்கரை வயல்கள் பக்கம் போனார்.

இரவெல்லாம் மழை பெய்து காலையில் வெறித்திருந்தது. மண் கறுத்துப் பளபளத்தது. தூரத்தில் நாலு எருதுகள் பூட்டிய, ஊருக்கெல்லாம் முறைவைத்து உழும் ஏர் மேடேறி வந்துகொண்டிருந்தது. கலப்பையைப் பிடித்திருந்தவன் டெயோ. எருதுகளுக்கு முன்னால், அவற்றின் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே அடியெடுத்து வைத்துக்கொண்டு ஒரு பெண் பாடி வந்தாள். எருது நடக்கப் பாட்டு வேண்டும். பாடுகிறவர் முன்னால் பின்நடை நடக்கவேண்டும். அது ஆண்பிள்ளைகள் வேலை. டெயோவின் அண்ணன்தான் அதைச் செய்துவந்தான். அவன் இறந்தபின் அவன் மனைவி லெய்கி பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு அந்த இடத்தில் போய் நின்றாள். ஊர் ஒரு வருஷம் சிரித்தது. எருதுகள் நடந்தன. ஊர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டது.

இத்தெல் வேலியோரம் நின்றார். லெய்கி பாடியது எருதுகளின் கொம்பழகு, நாளைக்குக் கிடைக்கப்போகும் ஓட்ஸ் வைக்கோல், டெயோவின் சோம்பேறித்தனம், இப்படி வாய்க்கு வந்தது. ஆனால் மெட்டு? முதல் வரி ஏறியது. உச்சியில் ஒரு மூச்சு நின்றது. முடிவுக்கு முந்தின அசையில் கால் ஊன்றி, கடைசி அசையில் மண்ணில் பாதம் பதிவதுபோல் மெல்ல இறங்கியது. அடுத்த வரியும் அப்படியே. நாலாவது வரி முடிந்து ஏர் வயலோரத்தை எட்டியதும் அவள் கையை உயர்த்தி, "ஹோ...வா!" என்று நீட்டி ஒரு குரல் கொடுத்தாள். எருதுகள் திரும்பின.

இத்தெல் வேலியைத் தாண்டிக் குதித்தார். குதித்ததில் மேலங்கி முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "லெய்கி! நிறுத்தும்மா! இல்ல இல்ல, நிறுத்தாத! பாடு! அந்த ரெண்டாவது வரிய இன்னொரு தடவ பாடு!"

"கிட்ட வராதீங்க வாத்தியாரே, வெள்ளைத்தலையன் முட்டுவான்!" என்று அவள் கத்தினாள்.

"முட்டட்டும்! பாடு!"

டெயோ கலப்பையைப் பிடித்தபடியே சிரித்தான். "மதினி, வாத்தியாருக்கு உன் பாட்டு பிடிச்சுப்போச்சு. அடுத்து அவரையும் நுகத்தடியில பூட்டிருவோம்."

லெய்கி பாடினாள். இத்தெல் அவள் பக்கத்தில் தானும் பின்நடை நடந்துகொண்டே கரித்துண்டால் தாளில் சுரங்களைக் கிறுக்கினார். பத்தாவது அடியில் உழவுசாலில் கால் மாட்டி மல்லாக்க விழுந்தார். விழுந்த இடத்திலேயே தாளைத் தூக்கிப்பிடித்து மூன்றாவது வரியை எழுதினார். வெள்ளைத்தலையன் குனிந்து அவர் காதருகே பெருமூச்சு விட்டான்.

எழுதி முடித்து எழுந்து, சேற்றோடு நின்று, மெய்ரிக் ஐயா மடக்கிய சங்கீதத்தின் முதல் அடியை அந்த மெட்டில் பாடிப் பார்த்தார். ஒரு அசைக்கு ஒரு சுரம். ஒரு சொல்கூட நொண்டவில்லை. உளி எடுத்துச் செதுக்கியதுபோல் உட்கார்ந்தது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

லெய்கி சிரிக்கவில்லை. "இப்ப பாடுனீங்களே, அது என்ன?"

"சங்கீதம். மலைகளப் பத்தினது. கோவில்ல பாடப்போறோம். இந்த மெட்ட நான் எடுத்துக்கட்டுமா, லெய்கி?"

அவள் எருதின் கழுத்தைச் சொறிந்தாள். "இருபது வருஷமா கோவில்ல நிக்கறேன் வாத்தியாரே. கல்லு மாதிரி நிக்கறேன். அவர் செத்தப்போ ஐயா என்னமோ படிச்சாரு, ஒரு வார்த்தகூட வெளங்கல. நீங்க இப்ப பாடினது வெளங்குச்சு. மெட்ட எடுத்துக்கங்க. அந்த வார்த்தைய எனக்குக் குடுங்க. பூராவும் குடுங்க."

"எழுதித் தரட்டுமா?"

"எழுதினா எனக்கு என்ன தெரியும்? சொல்லுங்க. ஏர் நிக்கக்கூடாது, நடந்துக்கிட்டே சொல்லுங்க."

மதியம்வரை இத்தெல் அவளோடு பின்நடை நடந்தார். மூன்று தடவை விழுந்தார். நாலாவது சுற்றில் லெய்கிக்கு எட்டு அடிகளும் மனப்பாடம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கோலத்தைப் பார்த்து குவெர்வில், "எந்தப் பன்றியோட சண்ட?" என்று கேட்டாள். இத்தெல் அவளை இடுப்பில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். பிறகு உட்கார்ந்தவர் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மெட்டை நடுக்குரலில் வைத்தார். மேலே இரண்டு குரல், கீழே ஒன்று. நாலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தன் வழி இருக்கவேண்டும். வேலை அப்படி ஓடியது. தாளில் கை போகும் வேகத்துக்கு இறகு தாங்கவில்லை. நாலு இறகுகள் ஒடிந்தன.

அடுத்த புதன்கிழமை ஆறு பாடகர்களும் தாளை வாங்கிப் பார்த்தார்கள். முதல் வரியிலேயே ஒருவர் முகம் மலர்ந்தது. "அட, வாய்க்குச் சுகமா இருக்கே!"

க்ரோனோ மட்டும் தாளை முகத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "இந்த மெட்ட நான் எங்கயோ கேட்டிருக்கேன்."

இத்தெலுக்கு மறைக்கத் தெரியாது. "லெய்கியோட உழவுமெட்டு, மச்சான்."

அவ்வளவுதான்.

"மாட்டுப் பாட்டா? கர்த்தரோட கோவில்ல மாட்டுப் பாட்டா?" க்ரோனோவின் குரல் கூரையில் போய் முட்டித் திரும்பியது. "ஆர்கனப் பிடுங்கினாங்க, பொறுத்தேன். லத்தீனப் பிடுங்கினாங்க, பொறுத்தேன். முப்பது வருஷம் இந்த இடத்துல நின்னு பாடினவன்டா நான். என்னைய எருது ஓட்டச் சொல்றியா?"

"மச்சான், ஒரு தடவ பாடிப் பாருங்க. கீழ்க்குரல் உங்களுக்குன்னே எழுதினது..."

"பெந்தெகொஸ்தே அன்னைக்கு வருவோம். நிப்போம். வாயத் திறக்க மாட்டோம். அந்தத் துரை முன்னாடி நீயே ஒத்தையா பாடி ஓட்டிக்க." தாளை மடித்து வைத்துவிட்டுப் போனார். மற்ற ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முகம் மலர்ந்தவர் கடைசியாகத் தயங்கி நின்று, "பெரியவர் பேச்ச மீற முடியாது வாத்தியாரே," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குவெர்வில் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். "எங்கப்பன் பிடிவாதம் அவருக்கும் வந்திருக்கு," என்று திரும்பி வந்தாள். "எங்கப்பன் உங்களுக்கு மாமனார்னு ஞாபகம் வச்சுக்கிட்டு எதுவும் சொல்லாதீங்க." 

இத்தெலின் குரல் ஒரு காலத்தில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஈர வயலில் விழுந்து எழுந்ததில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. பெந்தெகொஸ்தே காலையில் வாயைத் திறந்தால் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் வந்தது. மெய்ரிக் ஐயா அதைக் கேட்டுக் கழுத்தைத் தடவி, தடவி, சிவக்க வைத்துக்கொண்டார்.

கோவில் நிறைந்திருந்தது. துரை வெதரல் முன்வரிசையில், மடியில் குறிப்பேடும் இடுப்பில் மைக்கூடுமாக உட்கார்ந்திருந்தார். எபிரேயம் படித்தவர் என்று பேச்சு. வேல்ஸ் மொழியில் அவருக்கு நல்வரவு சொன்னபோது தும்மலா என்பதுபோல் பார்த்தார். பாடகர் இடத்தில் ஆறு பேரும் வெள்ளை அங்கியில் நின்றார்கள். ஆறு வாயும் தைத்த பை மாதிரி மூடியிருந்தது.

வாசகம் முடிந்தது. மெய்ரிக் ஐயா இத்தெலைப் பார்த்தார். இத்தெல் க்ரோனோவைப் பார்த்தார். க்ரோனோ கூரையைப் பார்த்தார்.

இத்தெல் கையை உயர்த்தி, மூச்சை இழுத்து, தொடங்கினார். முதல் சொல் வந்தது. இரண்டாவது சொல்லில் குரல் உடைந்தது. மூன்றாவது சொல்லில் காற்றுதான் வந்தது. துரையின் புருவம் உயர்ந்தது. இறகை மையில் தோய்த்தார். இத்தெலுக்கு உயர்த்திய கையை இறக்கவும் தோன்றவில்லை.

அப்போது பின்னால், ஞானஸ்நானத் தொட்டி அருகே, உழவுப் பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து அந்த மூன்றாவது சொல் வந்தது. லெய்கி! வயலின் அந்தக் கோடிவரை கேட்கவேண்டிய குரல், கல் சுவருக்குள் அடைபட்டால் எப்படி இருக்கும்? தூண்கள் பாடுவதுபோல் இருந்தது. இத்தெல் திரும்பினார்.

அவள் மட்டும் இல்லை. டெயோ பாடினான். அவன் பக்கத்தில் மில்காரனின் வேலையாட்கள் பாடினார்கள். வெண்ணெய்க்காரி பாடினாள். ஆற்றுக்கு அந்தக் கரைக் குடியானவர்கள் பதினைந்து பேர், கையில் தொப்பியோடு, கண்ணை மூடிப் பாடினார்கள். முன்வரிசைவரை அது அலை மாதிரி வந்தது. ஒரு சொல் தப்பவில்லை. இத்தெலுக்குத் தலை சுற்றியது. யார் சொல்லிக் கொடுத்தது? உடனே விளங்கியது. கூட்டு உழவு! லெய்கியின் ஏர் இந்த ஒரு வாரத்தில் ஊரின் எல்லா வயலுக்கும் போயிருக்கிறது. போன இடமெல்லாம் அவள் சங்கீதம் பாடித்தான் எருது ஓட்டியிருக்கிறாள்!

அவர் கை தானாகவே வேகமாக அடித்தது. ஜனங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் எருது நடையில்தான் பாடினார்கள். ஊன்றி, நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் மண்ணில் பதித்துப் பதித்து. மூன்றாவது வரி முடியும்போதுதான் இத்தெலுக்கு இன்னொன்று உறைத்தது. வயலில் கற்றவர்கள்! நாலாவது வரி முடிந்தால் வயலோரம் வருமே! வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். கையை ஆட்டினார். யார் பார்த்தார்கள்?

நாலாவது வரி முடிந்தது. முந்நூறு பேர் ஒரே குரலில், கூரை அதிர, "ஹோ...வா!" என்றார்கள்.

மெய்ரிக் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அவர் குடியானவன் பிள்ளை. அது என்ன குரல் என்று அவருக்கா தெரியாது? இத்தெல் துரையைப் பார்க்கவே பயந்து, பிறகு பார்த்தார்.

துரை வெதரல் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது, கண் விரிந்திருந்தது. பக்கத்தில் நின்ற மெய்ரிக் ஐயாவின் கையைப் பற்றி, இங்கிலீஷில் ஏதோ பரபரவென்று கேட்டார். மெய்ரிக் ஐயா வாயைத் திறந்து, மூடி, மெல்லத் தலை குனிந்தார். துரை உட்காராமலே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்.

இரண்டாவது பாகம் தொடங்கிவிட்டது. இத்தெல் பாடகர்கள் பக்கம் திரும்பினார். ஐந்து பேரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. க்ரோனோ பல்லைக் கடித்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தண்ணீருக்குப் பக்கத்தில் நிற்கிற வாத்து எவ்வளவு நேரம்தான் கரையில் நிற்கும்? இரண்டாவது வரியில், முந்நூறு குரல் ஏறி உச்சியில் மூச்சு நின்ற இடத்தில், பூமிக்கு அடியிலிருந்து வந்ததுபோல் ஒரு சுரம் கிளம்பியது. க்ரோனோ வாயைத் திறந்துவிட்டார்! அவ்வளவுதான், மற்ற ஐந்து பேரும் மடை திறந்தமாதிரி மேலே பாய்ந்தார்கள். ஒரே ஒரு தடவை தாளைப் பார்த்தவர்கள். பாதி எழுதியபடியும் பாதி தங்கள் காதின்படியும் பாடினார்கள்.

இத்தெல் எழுதியதில் வரி முடிவில் கீழ்க்குரல் ஒரு படி இறங்கும். க்ரோனோ இறங்கவில்லை. மெட்டு இறங்கட்டும் என்று விட்டு, தான் அதே சுரத்தில் தூண் மாதிரி நின்றார். இத்தெல் காதைச் சாய்த்துக் கேட்டார். தான் எழுதியதைவிட அது நன்றாக இருந்தது.

கடைசி வரி முடிந்தது. "ஹோ...வா!" இந்தத் தடவை ஆறு பாடகர்களும் சேர்ந்தே சொன்னார்கள். துரையும் சொன்னார்.

ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே போகாமல் கோவில் முற்றத்திலேயே நின்று சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கோவிலிலிருந்து வெளியே வருகிறவர்களின் முகம் உள்ளே போனதைவிடப் பிரகாசமாக இருந்தது. துரை குதிரை ஏறும்வரை மெய்ரிக் ஐயா கூடவே நின்று அனுப்பிவிட்டு, இத்தெலிடம் ஓடி வந்தார்.

"என்ன சொன்னாரு ஐயா? என்ன எழுதினாரு?"

"ஒவ்வொரு அசையும் தெளிவாக் கேட்டுச்சுன்னு எழுதியிருக்காரு. ஒரு வார்த்தகூட அவருக்குப் புரியல, அது வேற விஷயம்." மெய்ரிக் ஐயாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அங்கியின் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இத்தெல், ஜனங்க கடைசியில கர்த்தரோட எபிரேய நாமத்தச் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு அவர் நெனச்சுட்டாரு. யெகோவா! ஏழைக் குடியானவனுக்கு எபிரேயமான்னு கண்ணு கலங்கிட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? தலையக் குனிஞ்சேன். தலையக் குனியறது பொய்யாகுமா?" கொஞ்சம் யோசித்தார். "ஆகும்னுதான் நெனைக்கறேன். மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆனா ஒண்ணு, எல்லா ஞாயிறும் அந்தப் பரிசுத்தச் சத்தத்தோடதான் பாடணும்னு உத்தரவு போட்டுட்டுப் போயிருக்காரு. இனிமே நிறுத்தவும் முடியாது!"

சாயங்காலம் இத்தெல் வீட்டில் கதவைத் தட்டாமல் க்ரோனோ உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் அடுப்பருகே உட்கார்ந்தார். குவெர்வில் ஒரு கோப்பை ஏல் சாராயத்தை அவர் முன்னால் டக்கென்று வைத்தாள். அவர் குடித்து, மீசையைத் துடைத்து, "ரெண்டாவது வரி முடிவுல நீ எழுதினது தப்பு, மாப்ள," என்றார்.

"தெரியும். மாத்திட்டேன்." இத்தெல் தாளை நீட்டினார். மை இன்னும் காயவில்லை.

க்ரோனோ வாங்கிப் பார்த்தார். "நாலாவது வரியும் தப்பு."

"அது தப்பில்ல!"

"தப்புங்கறேன்!"

"பாடுங்க பாப்போம்!"

இரண்டு பேரும் பாடினார்கள், கத்தினார்கள், மேசையைத் தட்டினார்கள், மறுபடி பாடினார்கள். குவெர்வில் சன்னலைச் சாத்தப் போனவள், தெருவில் நின்று கேட்கிற கூட்டத்தைப் பார்த்துத் திறந்தே விட்டாள்.

திங்கட்கிழமை காலை இத்தெல் இன்னொரு சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். மெய்ரிக் ஐயா ஒரே ராத்திரியில் மடக்கியது. மெட்டு இத்தெலே கட்டியது. துயரப்பட்டவனின் சங்கீதம். ஒவ்வொரு வரியும் பெருமூச்சாக இறங்கும். அதைக் கட்டி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியிருந்தது. லெய்கி பின்நடை நடந்துகொண்டே கவனமாகக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தெல் பாடி முடிந்ததும் அவள் திரும்பி எருதுகளைப் பார்த்தாள். நாலும் நின்றுவிட்டிருந்தன. ஒன்று படுக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு வாத்தியாரே," என்றாள். "ஆனா ரெண்டாவது வரியில கொஞ்சம் நம்பிக்க குடுங்க. இல்லேன்னா இந்த வயல் அறுப்புக்குள்ள உழுது முடியாது."

டெயோ கலப்பையின்மேல் சாய்ந்து சிரித்தான். இத்தெல் வயலோரத்துக் கல்லில் உட்கார்ந்து, தாளை முழங்காலில் விரித்து, இரண்டாவது வரியைக் கோடிட்டு அடித்தார்.